இரண்டு அவித்த முட்டை

சாப்பாட்டில் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நேற்று மதியம் இங்கே கொடுத்ததில் உப்பே இல்லை. தட்டை வைத்த பெண் காவலர் உடனே போகாமல் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று அதற்கும் தலையாட்டினேன். பசி அடங்கியிருக்கவில்லை. ஆனால் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஏன் செய்தாய் என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் நான் தரையைப் பார்த்தேன். பிறகு நீங்களே, "பேச வேணாம், எழுதிக் குடு" என்று தாளையும் பேனாவையும் நீட்டினீர்கள். அதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. மேலே எழுதியிருப்பதே உங்கள் கேள்விக்குப் பாதி பதில். மீதியை வரிசையாகச் சொல்கிறேன்.

அக்காவுக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி அத்தான் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பெட்டியும் இடுப்பில் நானுமாக வந்தாள். அத்தான் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு எந்த மனக்கசப்பும் கிடையாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அத்தான் சாவி செய்கிறவர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெயிலில்தான் நிற்க வேண்டும். தொலைந்த சாவிக்குப் பதில் சாவி கேட்டு வருகிறவர்களின் பூட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "உள்ள இருக்கிறது ஒவ்வொண்ணும் விரல்கிட்டப் பேசும்" என்பார். வீட்டிலும் ஓயாத பேச்சு. எனக்கு அவர் வைத்த பெயர் ஊமக்கோட்டான். நான் அபூர்வமாக வாய் திறந்தால் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஏய், ஊமக்கோட்டான் பேசிருச்சுடி. மழ வரப்போகுது, துணிய எடு."

நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. எனக்குப் பொருத்தமான வேலை அது. ஊசி குத்தும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள்.

லேபுக்கு மேல்மாடியில் நம்பர் டாக்டரின் அறை. அவருடைய சொந்தப் பெயர் வாசல் பலகையில் இருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. சர்க்கரை, கொழுப்பு, எடை என்று வருகிறவர்களுக்கு மாத்திரையோடு, என்ன சாப்பிட வேண்டும் என்றும் எழுதித் தருவார். நோயாளியை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் மாட்டியிருக்கும்: 'உடம்பு பொய் சொல்லும். எண் சொல்லாது.' மூன்று மாதத்துக்கு ஒரு முறை முப்பத்தெட்டுப் பரிசோதனைகள். அந்த முப்பத்தெட்டு எண்களைக் கொண்டு சமையலுக்கு ஒரு பட்டியல். பட்டியல் நோயாளிக்கு மட்டுமல்ல, வீடு முழுவதற்கும். "ஒரு வீட்ல ரெண்டு சட்டி கொதிச்சா, நோயாளி மூக்கு ரெண்டாவது சட்டிக்குத்தான் போகும்" என்பது அவர் வாதம். ஆகவே ஒரே சட்டி. வீட்டில் இருக்கும் எல்லோரும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தானுக்குச் சர்க்கரை வந்த அன்று நாங்கள் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

பட்டியல் இதுதான்: காலையில் பாகற்காய்ச் சாறு. மதியம் அவித்த முட்டைக்கோஸ், ஒரு கைப்பிடி சோறு. இரவு அவித்த சுரைக்காய். எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை, முட்டை என்றால் வெள்ளை மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அக்கா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அவளுக்கு எழுதி ஒட்டியது எல்லாம் சட்டம். அன்றிலிருந்து வேறு ஒரு வாசனையும் அந்த அடுப்படியில் எழுந்ததில்லை.

"மாட்டுக்கு இத வச்சா அது நம்மள முட்டும்" என்று அத்தான் சொல்வார். சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். ஆனால் கடையில் இருக்கும்போது எதிர் பேக்கரியிலிருந்து கிரீம் பன் வாங்கித் தின்பார். அதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அக்கா சமைக்கும்போதே வாயில் ஏதாவது போட்டுக்கொள்வாள், அது அவள் சுபாவம். எனக்குத் தனியாகக் கடைக்குப் போய் ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்ன வராது. ஆக, அத்தானின் பத்தியத்தை இரண்டு வருடம் உண்மையாகக் கடைப்பிடித்தவள் நான் ஒருத்திதான். முடி கொட்டியது. படியேறினால் கண்முன் பூச்சி பறந்தது. அக்கா, "என்னடி வெளுத்துப் போயிட்டே?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

முதல் தடவை நடந்தது தவறுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தானுக்கு ஊசி என்றால் பயம். பூட்டை உடைக்கிற கை, ஊசியைப் பார்த்தால் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளும். அன்று காலை வெறும் வயிற்றில் மூன்று குப்பிகளில் ரத்தம் எடுத்தேன். ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி. ஊதா மூடிக் குப்பியை எடுத்த கையோடு மெதுவாக எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் உறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து அத்தான், "ஊமக்கோட்டான் கைக்கு மட்டும் நல்லா வாய் இருக்கு, எப்படிக் கடிக்குது பாரு" என்றார். அக்கா சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கவிழ்க்க மறந்துபோனேன். லேபுக்கு வந்து பார்த்தால் குப்பிக்குள் கட்டியாக நின்றது.

இந்த மாதிரி நேரத்தில் சீனியரிடம் சொல்ல வேண்டும். சீனியர் பெரிய தொண்டை உள்ள அம்மாள். காத்திருக்கும் இருபது பேருக்கு நடுவில், "மறுபடியும் உறைய விட்டுட்டியா?" என்று கேட்பார். பிறகு வீட்டுக்குப் போய் அத்தானிடம், இன்னொரு தடவை குத்த வேண்டும் என்று கேட்க வேண்டும். இரண்டையும் யோசித்துக்கொண்டு சாமான் அறையில் பத்து நிமிடம் நின்றேன். பிறகு என் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஒரு முனையைப் பல்லால் இழுத்துக்கொண்டேன். ஊதாக் குப்பியில் ஒரு ரத்தமும் மற்றதில் வேறு ரத்தமும் இருந்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் மூன்றையும் நிரப்பினேன். வேலையில் ஒழுங்கு வேண்டும் என்று நினைப்பவள் நான்.

மூன்றாம் நாள் நாங்கள் மூவரும் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தோம். நம்பர் டாக்டர் தாளைப் பார்த்து, முதன்முறையாக நாற்காலியில் நிமிர்ந்தார்.

"மூணு மாசச் சராசரிச் சக்கர, ஒன்பதரை இருந்தது, அஞ்சுக்கு வந்திருக்கு. என்ன பண்ணீங்க?"

"நீங்க சொன்னதத்தான் டாக்டர்" என்றார் அத்தான்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில், "ஏன் கோட்டான், கிரீம் பன்னு சாப்பிட்டா சக்கர குறையுமா?" என்று கேட்டார்.

அப்போது நான் வாய் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன். அதே நேரத்தில் டாக்டர், "ஆனா ரத்தம் ரொம்பக் கம்மி. எட்டரைதான் இருக்கு. இரும்புச் சத்து தரை தட்டுது. இப்படியே போனா ஆள் விழுந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே புதிய பட்டியலை எழுத ஆரம்பித்தார். வாரம் இரண்டு நாள் ஈரல். தினம் பால், தேன், பேரீச்சம்பழம். தினம் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை, மஞ்சளோடு. சர்க்கரை மாத்திரை பாதி. எழுதி முடித்து, "வீட்ல எல்லாருக்கும். ஒரே சட்டி" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா முட்டை அவித்தாள். என் தட்டில் இரண்டை வைத்துவிட்டுப் போனாள். அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உப்பைத் தொட்டுக்கொண்டு முதல் முட்டையைப் பிட்டபோது மஞ்சள் மாவாக உதிர்ந்தது. அதைத் தட்டிலிருந்து விரலால் ஒற்றி எடுத்துத் தின்றேன். யாராவது நம்மை நினைத்துச் சமைத்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது.

ஆண்பிள்ளைக்கு இவ்வளவு ரத்தம் எங்கே போகிறது என்பது நம்பர் டாக்டருக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது. "எங்கயாவது ரத்தம் போகுதா?" என்று கேட்டார். "சாவி அரம் போடும்போது விரல்ல லேசாக் கீறும் டாக்டர்" என்றார் அத்தான். உடனே தாளில் எழுதினார்: வேலை நேரத்தில் தோல் கையுறை கட்டாயம். கையுறை போட்ட விரலோடு பூட்டு எப்படிப் பேசும்? ஒரு மாதம் அவர் வெட்டிய சாவிகளில் பாதி திரும்பி வந்தன.

இரண்டாவது முறை குப்பி உறையவில்லை. இதை மறைக்க நான் விரும்பவில்லை. அத்தானின் ரத்தத்தை ஒழுங்காக எடுத்து, எட்டு முறை கவிழ்த்து, லேபுக்குக் கொண்டுவந்து, கழிவுப் பையில் போட்டேன். அவர் பெயர் எழுதிய சீட்டை என் குப்பிகளில் ஒட்டினேன். அந்த நேரம் நான் நினைத்தது இதுதான்: எங்கள் வீட்டில் உண்மையிலேயே பத்தியம் இருந்தவள் நான். பத்தியம் இருந்தவளுடைய ரத்தத்தைப் பார்த்துத்தானே பட்டியல் போட வேண்டும்? கிரீம் பன் தின்கிறவருடைய ரத்தத்தைப் பார்த்துப் போடும் பட்டியலை நான் ஏன் சாப்பிட வேண்டும்? நிதானமாக யோசித்தால் உங்களுக்கும் இது புரியும்.

அந்த முறை ரத்தம் பத்தே முக்காலுக்கு ஏறியிருந்தது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் முழுவதுமாக நிறுத்தினார். ஆனாலும் ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியை அவர் விடவில்லை. அத்தானை வேறோர் இடத்துக்கு அனுப்பி, வாய் வழியாக ஒரு குழாயும் கீழ் வழியாக ஒரு குழாயும் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அத்தான் திரும்பி வந்து இரண்டு நாள் பக்கவாட்டில் படுத்திருந்தார். அக்கா வருத்தத்தோடு கஞ்சி கொண்டுபோனபோது சொன்னார்: "மேல இருந்து ஒண்ணு, கீழ இருந்து ஒண்ணு. நடுவுல எங்கயோ ரெண்டும் சந்திச்சு நலம் விசாரிச்சிருக்கும்." அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் குழாய்களை நான் விடச் சொல்லவில்லை.

லேபின் காத்திருப்பு அறையில் அத்தானின் புகைப்படம் மாட்டப்பட்டது. கீழே 9.5, 5.0 என்று இரண்டு எண்கள், நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்பு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது நோயாளிகளைக் கூட்டி அவரை மேடையில் ஏற்றினார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று நம்பர் டாக்டர் ஒலிபெருக்கியில் கேட்டார். அத்தான் பொய் சொல்லத் தெரியாத மனிதர், பன் விஷயத்தைத் தவிர. அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நாக்கு எப்பவும் வறண்டு கிடக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவ ஒண்ணுக்குப் போறேன். கண்ணுல பொக மாதிரி தெரியுது. கால்ல செருப்பு இருக்கா கழண்டுருச்சான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். ஆனா ரிப்போர்ட்படி ரொம்ப நல்லா இருக்கேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நம்பர் டாக்டர், "கேட்டீங்களா? உடம்பு பொய் சொல்லும்னு நான் சொன்னேனே" என்றார். போகும்போது நாற்பது பேரும் எங்கள் வீட்டுப் பட்டியலின் நகலை வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சாயங்காலம் நடந்தால் ஏழெட்டு வீட்டிலிருந்தாவது முட்டை அவிகிற வாசனை வரும். ஒரு தெருவே என் உடம்புக்குச் சமைத்தது. நான் யாரிடமும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. ரத்தம் பன்னிரண்டரையைத் தொட்டால் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈரலும் முட்டையும் சாப்பிட்டு எனக்கு ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் உதட்டில் நிறம் தெரிந்தது. அப்படியானால் மறுபடியும் முட்டைக்கோஸ். அதனால் வாரம் இரண்டு முறை, மதியம் லேப் சும்மா இருக்கும் நேரத்தில், சாமான் அறையில் உட்கார்ந்து என் கையிலிருந்து கால் டம்ளர் ரத்தம் எடுத்துக் கழிவுப் பையில் ஊற்றினேன். மாலையில் வீட்டுக்குப் போய் முட்டை சாப்பிட்டேன். உள்ளே போவதும் வெளியே போவதும் சரியாக இருந்தால் எண் அசையாது. ஐந்து மாதம் அது பதினொன்றைத் தாண்டவில்லை.

ஒரு நாள் அக்கா என் முகத்தைப் பிடித்துக் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் தட்டில் இருந்த முட்டைகளில் ஒன்றை என் தட்டில் வைத்தாள். "தின்னு. பேய் மாதிரி இருக்கே" என்றாள். நான் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் குளியலறையில் எறும்பு வர ஆரம்பித்தது. கழிப்பிடத்தைச் சுற்றி வரிசையாக வரும். சிறுநீரில் சர்க்கரை போனால் எறும்பு மொய்க்கும் என்பது லேபில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவள் வீணாகக் கவலைப்படக் கூடாது என்று நான் ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். "இத்தன வருஷத்துல இப்பத்தான் இவளுக்கு வீட்டு வேல மேல அக்கற வந்திருக்கு" என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள்.

பிறகு அரம் விழுந்தது. சாவியைத் தேய்க்கும் பெரிய அரம், அத்தானின் வலது கால் பெருவிரலில். அவருக்கு வலிக்கவில்லை. செருப்பு ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்த பிறகுதான் ரத்தத்தைக் கண்டாராம். "நம்பர் டாக்டர்ட்டச் சொல்லுங்க, ரத்தம் போற எடத்தக் கண்டுபிடிச்சாச்சு" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நொண்டி வந்தார். அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நம்பர் டாக்டர் போனிலேயே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லாத ஆளுக்குப் புண் பத்து நாளில் ஆறிவிடும், கட்டுப் போட்டால் போதும் என்றார். கட்டுப் போடுவதில் நான் கைதேர்ந்தவள். தினம் காலையில் வேலைக்குப் போகுமுன் கழுவி, மருந்து வைத்து, புதுத் துணி சுற்றுவேன். பத்து நாளில் விரல் நுனி கறுத்தது. இருபது நாளில் கறுப்பு பாதத்தின் பாதிவரை வந்தது. ஒரு வாசனையும் வந்தது. ஊதுவத்தி வாங்கி வைத்தேன்.

அவருக்கு உண்மையில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். தெரியும். ஒரு முறை கட்டு மாற்றும்போது லேபிலிருந்து கொண்டுவந்த சின்னக் கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். 438. கருவியை அணைத்து உறையில் போட்டுவிட்டேன். வெளியே சொன்னால் இரண்டு எண்களில் எது சரி என்று கேட்பார்கள். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மறுநாள் அத்தான் கடைக்குப் போகவில்லை. முன்னறையில் ஒரு பழைய பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, கம்பியை உள்ளே விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நான் கட்டு மாற்றக் கீழே உட்கார்ந்தபோது சொன்னார்: "ஒண்ணுமே கேக்கல. பூட்டெல்லாம் ஊமையாயிருச்சு, உன்ன மாதிரி."

அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"ஏன் கோட்டான், நீதான் எடுக்கிற, நீதான் கொண்டு போற. என்கிட்ட உண்மையச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு. இந்தக் கையும் கண்ணும் போச்சுன்னா உங்கக்காவ நான் எதுல வச்சுக் காப்பாத்துவேன்? அந்த ரத்தம் நெசமாவே நல்லாத்தான் இருக்கா?"

நான் தலையாட்டினேன். ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவர் கடையில் விழுந்தார். பேக்கரிக்காரர்தான் முதலில் ஓடிவந்தாராம். பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை 612. ரத்தம் பதினாறு. அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இல்லீங்க, இது வேற யாரோடதோ, எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரயே கெடையாது" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள்.

நம்பர் டாக்டர் கோப்போடு வந்தார். கட்டிலில் நினைவில்லாமல் கிடந்த அத்தானுக்கும் அங்கே இருந்த பெண் டாக்டருக்கும் நடுவில் நின்று, ஒன்பது மாத எண்களை விரித்துக் காட்டினார். "இந்த ரிப்போர்ட்படி இவர் மயங்கவே முடியாது" என்றார்.

"ஆனா மயங்கியிருக்காரு" என்றார் அந்தப் பெண் டாக்டர்.

"அது உடம்பு சொல்றது" என்றார் இவர்.

கறுத்த காலை வெட்டி எடுக்க வேண்டும் என்று ஆனதும், ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம் என்று ஆஸ்பத்திரியில் அவர் ரத்த வகையைப் பார்த்தார்கள். பி வகை. இதைப் பிடித்துக்கொண்டு நம்பர் டாக்டர், தங்கள் லேபில் மிச்சமிருக்கும் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார், ஆஸ்பத்திரிதான் ஆளை மாற்றிவிட்டது என்று நிரூபிப்பதற்காக. அது ஓ வகை. அவர் வெற்றியோடு சுற்றிலும் பார்த்தார். அத்தானின் சட்டைப் பையில் இருந்த பழைய அடையாள அட்டையிலும் பி என்றுதான் இருந்தது. அப்படியானால் ரத்தம் மாறியது லேபில்தான். லேபிலிருந்து அந்த முடிவைக் கொண்டுவந்திருந்த சீனியர் அம்மாள் நேராக என்னிடம் வந்து, என் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினார். முழங்கை மடிப்பில் இருந்த புள்ளிகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக அவர் குரல் எழவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. விரல்களில் உணர்வு திரும்புவது சந்தேகம் என்கிறார்கள். கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. எங்கள் பட்டியலை வாங்கிப்போன நாற்பது பேரில் ஐந்து பேர் அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். அவர்களுக்கு நான் பொறுப்பாக முடியாது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு கவளம்கூட நான் தின்றதில்லை.

புகார் கொடுத்தவர் நம்பர் டாக்டர் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. அதில் முதல் குற்றமாக எழுதியிருப்பது, நான் அவருடைய சராசரியைக் கெடுத்தேன் என்பது. அத்தானின் கால் மூன்றாவது பத்தியில் வருகிறது.

என்னை நீங்கள் கூட்டிவந்த அன்று காலை அத்தானைப் பார்க்க விட்டார்கள். அக்கா என்னை அடிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த. அக்கா, எனக்கு ரெண்டு முட்ட அவிச்சுத் தான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்று கேட்டாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். சத்தத்தை வைத்து நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அத்தான் முகத்தைத் திருப்பித் தேடினார். தவறான பக்கம் பார்த்துக்கொண்டே, "விடுடி. அது கேக்கிற ஜென்மமா?" என்றார்.

பார்த்தீர்களா? அவருக்குப் புரிந்திருக்கிறது. என்னை இடுப்பில் சுமந்துவந்த வீட்டில் நான் இன்னும் ஒன்று வேண்டும் என்று எப்படிக் கேட்பேன்? அது பேராசை அல்லவா? இருபது வருடம் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் இருந்தேன். குப்பிகளை மாற்றியது நான்தான். நான்கு தடவை, முதல் தடவை தவிர மற்ற மூன்றும் தெரிந்தேதான். அதில் ஒரு தடவை 438 என்று தெரிந்த பிறகு. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்காக ஒன்றைக் கேட்டு வாங்கினேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

பெண் காவலர் மிகவும் நல்லவர். இன்று மதியமும் உப்பில்லாமல்தான் வந்தது. தட்டை வைக்கும்போது அவராகவே காரணம் சொன்னார், இன்ஸ்பெக்டர் அம்மா: உங்களுக்குத்தான் சிறுநீரகத்தில் ஏதோ எண் ஏறியிருக்கிறதாம், அதனால் டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறாராம், இங்கே ஒரே அடுப்பு என்பதால் எல்லோருக்கும் அதே சமையலாம். அடுத்த மாதம் உங்களுக்கு மறுபடியும் ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம்.

எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. உப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உங்களுக்கு ரத்தம் எடுக்க யார் வருவார்கள் என்று மட்டும்தான் அவரிடம் கேட்டேன்.